அல்வாவின் நிறம்

மாட்டுத்தாவணியை விட்டு பஸ் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை, நான் அதற்குள் மூன்று புத்தகங்களையும் பையிலிருந்து உருவி மடியில் அடுக்கிவிட்டேன், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை வாசல் தாண்டுமுன்பே திறந்து பார்க்கிறவள் மாதிரி, வெட்கமே இல்லை எனக்கு. பெனசீர் சொந்தக்காரர் கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து மதுரைக்கு வந்தவள், பட்டுச்சேலையும் கையில் மருதாணியுமாக பஸ் ஸ்டாண்டுக்கே ஆட்டோவில் வந்து இவற்றைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். டிப்ளமோவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அச்சுத் தொழில் படித்தவர்கள் நாங்கள், அவள் இப்போது பெரிய பாக்கிங் கம்பெனியில், நான் சிவகாசியில். "அச்சுல கலர் படிக்கணும்னா இந்த மூணு போதும்டி கனி, வேற எதையும் வாங்கிக் காசைக் கரியாக்காத" என்றாள். தடித்தது ஒளியைப் பற்றியது, கண்ணைப் பற்றியது. நடுவாந்தரமானது வேலையைப் பற்றியது, எதை எப்படி அளப்பது, அளந்ததை வைத்து என்ன செய்வது. மெலிந்தது அட்டைகூட இல்லாத ஸ்பைரல் ஜெராக்ஸ், தப்பாகப் போனால் எங்கே போய்ப் பார்ப்பது என்பதைப் பற்றியது. "நிதானமா படிக்கிற ஆளுன்னா தடிப்புலேர்ந்து ஆரம்பி. மாட்டிக்கிட்ட ஆளுன்னா மெலிசுலேர்ந்து ஆரம்பி" என்றும் சொன்னாள். நான் மாட்டிக்கொண்ட ஆள்தான், அது எனக்கே தெரியும், ஆனாலும் கை தடித்ததற்குத்தான் போகிறது, பந்தியில் முதலில் இனிப்பை எடுக்கிற புத்தி. அதன் தாள்களை விரலால் தடவுகிறேன். நல்ல ஆர்ட் தாள். நிறப் படங்கள் சுத்தமாக விழுந்திருக்கின்றன, ஒரு நிறம் இன்னொன்றின் மேல் மயிரளவும் விலகவில்லை. அச்சு வேலையைச் சொல்லிக்கொடுக்கிற புத்தகம் மோசமாக அச்சாகியிருந்தால் எவ்வளவு அசிங்கம் என்று நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.

மாட்டிக்கொண்டது அல்வாவில். திருநெல்வேலி பிரமநாயகம் அண்ணாச்சிக் கடையின் தீபாவளி அல்வாப் பெட்டி, மேல்மூடி முழுக்க ஒரு பெரிய அல்வாத் துண்டு, ஓரத்தில் நெய் மினுங்க வேண்டும், வேறு அலங்காரமே கிடையாது. அந்தப் பழுப்பு வராவிட்டால் அந்தப் பெட்டியில் ஒன்றுமே இல்லை. போன வாரம் நான் எடுத்துக் கொடுத்த ஷீட்டைப் பார்த்துவிட்டு அவர் தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் கை எப்போதும் அந்தத் துண்டில்தான் இருக்கும், "அல்வாவக் கேட்டா கேசரியக் காட்டுதீகளே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் முதலாளி தவமணி அண்ணாச்சி சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, "கனி, ஞாயித்துக்கிழம சாயங்காலம் பார்ட்டி திரும்ப வர்றாரு. அல்வா அல்வாவா இருந்தா ஒன் மீட்டரு இருக்கட்டும். இல்லேன்னா அத எடுத்து பீரோவுல வச்சிருவோம். சீனிராஜு பழையபடி கண்ணால ஓட்டிக்கிடட்டும்." சீனிராஜ் அண்ணன்தான் எங்கள் அச்சு மெஷினை ஓட்டுகிறவர். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மீட்டர், நிறத்தை அளக்கிற அந்தக் கருவி, பீரோவுக்குப் போனால் என் அறை அட்டை அடுக்குகிற குடோன் ஆகும், நான் மறுபடி கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் படிப்பு போட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்குப் போவேன். அந்த அறைக்காக எத்தனை பேச்சு வாங்கினேன். சுவருக்குச் சாம்பல் நிறம் அடிக்க வேண்டும், பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் கண் ஏமாறும் என்று சொன்னபோது, "எளவு வீடு மாதிரி இருக்கும்மா" என்றார் அண்ணாச்சி, அப்படியும் அடித்துக் கொடுத்தார். பகல் வெளிச்சம் மாதிரி விளக்கு வேண்டும் என்றபோது, "பகல் வெளிச்சம் கேட்டுக்கு வெளிய சும்மா கெடக்கே" என்றார், அப்படியும் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்த ஷீட் வந்தாலும் என் விளக்கடியில் ஒரு கண் பார்த்துவிட்டு, பிறகு கேட்டுக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்துத்தான் முடிவு சொல்வார். அந்த நடை எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவ்வளவு செலவழித்து ஒரு அறையைக் கட்டிவிட்டு கேட்டுக்குப் போவானேன்.

திருமங்கலம் வந்துவிட்டது, வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் ஜன்னலுக்குக் கீழே கூவுகிறார். தடித்த புத்தகம் சொல்கிறது, நிறம் என்பது பொருளில் இல்லையாம், விளக்கு, பொருள், பார்க்கிற கண், இந்த மூன்றும் ஒரு நொடி சேர்ந்தால்தான் அங்கே ஒரு நிறம், ஒன்று மாறினாலும் அது வேறு நிறம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, இது எனக்குத் தெரிந்ததுதானே, தினமும் பார்ப்பதுதானே, ஆனால் ஒருவர் இப்படி வரிசைப்படுத்திச் சொல்லும்போது ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. இந்த வெள்ளரியின் பச்சை என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி வழியாக ஒன்று, திறந்திருக்கிற முன் ஜன்னல் வழியாக இன்னொன்று, நான் தலையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கிறேன், பக்கத்து சீட்டு அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். மெரூன் சேலை, மெரூனா அது, பழுத்த நாவல்பழத்துக்கும் மெரூனுக்கும் நடுவில். "பரீச்சையாம்மா?" என்று கேட்கிறார். "ஆமாக்கா, சாயங்காலம்" என்று சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வருகிறது. "கலரப் பத்தின புஸ்தகம்." "கலருக்கெல்லாமா புஸ்தகம் போட்டுருக்கான்?" என்று எட்டிப் பார்த்தவர் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு கட்டங்கள் வேறொரு விளக்கில் வேறு வேறாகத் தெரிகிற படத்தைப் பார்த்ததும் விரலை வைத்துவிட்டார். "இது எனக்குத் தெரியும்லா! இந்தச் சேலையே அப்படித்தான். கடைக்குள்ள சேலையும் பிளவுசுத் துணியும் அப்படி ஒட்டிப் பொறந்த மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பாத்தா அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். அதுலேர்ந்து நான் எதுன்னாலும் கடை வாசல்ல கொண்டு போய்ப் பாத்துத்தான் எடுக்கது." வாசல், கேட், வெயில். எல்லோரும் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குத்தான் போகிறார்கள், நான் மட்டும்தான் வெளிச்சத்தை அறைக்குள் கொண்டுவந்து பூட்டப் பார்க்கிறேன். சரி, மழைக்காலத்தில் என்ன செய்வார்களாம். இருக்கட்டும், இருக்கட்டும், சண்டை போட இப்போது நேரமில்லை. புத்தகத்தில் மனிதர்களுக்கு மனதிலேயே பதிந்திருக்கிற நிறங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள், புல், வானம், தோல், ஆரஞ்சுப் பழம், இவற்றில் கொஞ்சம் தப்பினாலும் யாரும் கண்டுபிடித்துவிடுவார்களாம். அல்வாவை எழுதவில்லை. பாவம், அந்த ஊரில் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அல்வா ஏன் கேசரி ஆனது, மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன், கள்ளிக்குடியும் தாண்டவில்லை. மீட்டர் என்று நாங்கள் சொல்வது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்புக் கருவி, அச்சடித்த நிறத்தின் மேல் வைத்தால் அதை எண்ணாகச் சொல்லும். சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள் போட்ட ஒரு சார்ட்டை எங்கள் மெஷினில், எங்கள் மையில், எங்கள் அட்டையில் அடித்து, கட்டம் கட்டமாக அளந்து கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் அது ஒரு ஜாதகம் எழுதும், இந்த மெஷின் இந்த அட்டையில் எதைக் கூட்டும் எதைக் குறைக்கும் என்று. அந்த ஜாதகத்தைப் பார்த்துப் படத்தைத் திருத்தி பிளேட், அச்சடிக்கிற தகடு, போட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. ஆயுதபூஜைக்கு முந்தின வாரம் ஊதுபத்திக் கவர் ஒன்று அப்படி அடித்தோம், தாமரை தாமரையாகவே வந்தது, அண்ணாச்சி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார், ஒன்றும் சொல்லாததுதான் அவருடைய பாராட்டு. பூஜை முடிந்ததும் அல்வாப் பெட்டிக்கு வேறு அட்டை வந்தது, புது அட்டைக்குப் புது ஜாதகம் எழுதினேன், அங்கிருந்து எல்லாம் மஞ்சள். அட்டை மேல் பழி போட்டேன். மை மேல் போட்டேன். மை கம்பெனிக்காரரிடம் போனில் கத்தினேன், அவர் பாவம் என்னை மேடம் மேடம் என்றே பேசினார். ஒருநாள் என் கண் மேலேயே போட்டுக்கொண்டு மதுரையில் டாக்டரிடம் போய் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துக் காட்டிவிட்டு வந்தேன். திரும்ப அளந்தேன், திரும்பவும் மஞ்சள். எண்கள் சரியாக இருந்தன, அதுதான் கொடுமை, மீட்டர் சரி என்றது, அல்வா கேசரி என்றது, இரண்டில் யாரை நம்புவது. சரி, போதும் இந்த இனிப்புப் பந்தி, மெலிந்ததை எடு, மாட்டிக்கொண்டவளே, மெலிந்ததை எடு.

மெலிந்த புத்தகம் மரியாதையே இல்லாமல் பேசுகிறது. எனக்குப் பிடித்துப்போகிறது. முன்னுரை கிடையாது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி பெரிதாக, மையைச் சந்தேகப்படுமுன், தாளைச் சந்தேகப்படுமுன், உங்களைச் சந்தேகப்படுமுன் இதற்குப் பதில் சொல்லுங்கள், உங்கள் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா? கீழே மீட்டர் உட்காருகிற தொட்டிலின் படம், அதில் அந்த வட்டமான வெள்ளை வில்லை, தினமும் காலையில் மீட்டரை அதன் மேல் உட்கார வைத்து இதுதான் வெள்ளை என்று சொல்லிக்கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கும், நானும் தினமும் செய்கிறேன், ஆனால் வில்லையை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. அந்த வில்லையில் விரல் ரேகைகூடப் படக் கூடாதாம். படிக்கும்போதே ஏதோ மணக்கிறது. பஸ்ஸில் யார் தலையிலும் பூ இல்லை, அந்த அக்கா முறுக்குத்தான் தின்கிறார், ஆனால் எனக்கு மணக்கிறது, சாம்பிராணி, வாழைப்பழம், பொரிகடலை, சந்தனம். ஆயுதபூஜை. அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் கையில் கிண்ணத்தோடு வருகிறார், அவருக்கு விட்டுவைக்க மனசு வராது, பெரிய மெஷினுக்குப் பொட்டு, கட்டிங் மெஷினுக்குப் பொட்டு, ஸ்கேலுக்கு, கத்தரிக்கு, ஸ்டேப்ளருக்கு, கால்குலேட்டருக்கு, எங்கள் எல்லோர் நெற்றிக்கும், சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன் மேல் குங்குமம். என் அறைக்கும் வந்தார். கம்ப்யூட்டருக்கு வைத்தார். மீட்டர் முதுகில் வைத்தார், அதை மறுநாள் காலையில் நானே ஈரத்துணியால் துடைத்தேன், நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் தொட்டில். தொட்டிலுக்கு ஒரு தள்ளுமூடி உண்டு, மூடியிருந்தால் வில்லை தெரியாது. மூடியிருந்ததா? நான் எப்போதும் மூடுவேன். எப்போதும் மூடுவேன் என்பது எனக்கு எப்போதும் நினைவிருக்கிறது, அன்றைக்கு மூடினேனா என்பதுதான் நினைவில்லை. அன்று கழுவித் துடைக்கிற நாள், எல்லாமே திறந்து கிடந்தது. திறந்து கிடந்திருந்தால், சந்தனம் பட்ட வில்லையைக் காட்டி இதுதான் வெள்ளை என்று நான் மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், ஐயோ, அதற்கப்புறம் அது எதைப் பார்த்தாலும் மஞ்சள் போதவில்லை என்றுதானே சொல்லும், போடு, இன்னும் போடு என்றுதானே ஜாதகம் எழுதும்! நான் சத்தமாக ஐயோ என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "என்னம்மா, வயித்துவலியா?" என்கிறார் அக்கா. "இல்லக்கா, சந்தோசம்" என்கிறேன். அவர் முறுக்கை என் பக்கம் நீட்டுகிறார்.

போனை எடுக்கிறேன். சீனிராஜ் அண்ணனுக்கு அடிக்கிறேன். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம், அதற்கு மேல் அவர் குரல், "ஏ கனி! எங்கருக்க? அண்ணாச்சி ரெண்டு தடவ கேட்டுட்டாரு." மீட்டர் தொட்டிலைத் திறந்து அந்த வெள்ளையைக் கொஞ்சம் பாருங்கண்ணே என்று வாய் வரை வந்துவிட்டது. வந்ததை விழுங்கிவிட்டேன். எனக்கு சீனிராஜ் அண்ணனைத் தெரியும், பார்ப்பார், அழுக்காக இருக்கிறது என்பார், மெஷின் துடைக்கிற துணியை எடுத்து மண்ணெண்ணெய் தொட்டு அன்போடு ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். "வந்துக்கிட்டே இருக்கேண்ணே, என் ரூமுக்குள்ள மட்டும் யாரும் போகாதீங்க" என்று வைத்துவிட்டேன். பஸ் ஏன் இப்படி ஊர்கிறது, விருதுநகரில் டிரைவர் இறங்கி டீ குடிக்கிறார், ஊதி ஊதிக் குடிக்கிறார், அந்த டீயின் நிறம் அல்வாவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் கறுப்பு. வில்லை சுத்தமாக இருந்துவிட்டால்? பஸ் புறப்பட்ட பிறகு இந்த எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. மூடி மூடித்தான் இருந்திருக்கும். நான் ஒழுங்கானவள் என்பதுதான் எனக்கு வினையாக முடியப் போகிறது. வில்லை சுத்தமாக இருந்தால் என்னிடம் வேறு பதிலே இல்லை, மூன்று புத்தகத்தையும் தலையணையாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருள் அழுக்காக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். திருத்தங்கல் வந்ததும் எழுந்து படிக்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். கண்டக்டர், "இன்னும் ஊரே வரலம்மா" என்கிறார். எனக்கு வந்துவிட்டது.

கேட்டுக்குள் நுழைகிறேன், மை வாசனை, செருப்பை உதறுகிறேன், அண்ணாச்சி மேஜையிலிருந்து நிமிர்ந்து, "வந்துட்டியா, புஸ்தகம் கெடைச்சுதா?" என்கிறார், "கெடைச்சது அண்ணாச்சி" என்று ஓடுகிறேன், என் சாம்பல் அறை, என் விளக்கு, தொட்டில். மூடி மூடியிருக்கிறது. கையை வைக்கப் பயமாக இருக்கிறது, ஒரு தடவை வெளியே போய்விட்டு வரலாமா என்றுகூட இருக்கிறது. தள்ளினேன். வெள்ளை. நன்றாக, அமைதியாக, வட்டமாக, வெள்ளை. குனிந்து பார்க்கிறேன், அப்போதும் வெள்ளை. பிறகு தடித்த புத்தகத்தின் ஒரு வரி மெதுவாக ஏறி வருகிறது, கண் தனக்கு முன்னால் இருப்பதில் எது அதிக வெளுப்போ அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும், கறுப்புத் தொட்டிலும் சாம்பல் சுவரும் இருக்கிற இடத்தில் அது வேறு எதை எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இன்னொரு வெள்ளை வேண்டும். நல்ல வெளிச்சம் வேண்டும். விளக்கு என் தலைக்கு மேலேயே இருக்கிறது, ஆனால் கால் ஏனோ நிற்கவில்லை, தொட்டிலைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெளுத்த ஆர்ட் தாள் ஒன்றையும் உருவிக்கொண்டு, மெஷினைத் தாண்டி, சீனிராஜ் அண்ணனைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே, வெயிலில் போய் நிற்கிறேன்.

"என்னம்மா, நீயும் வெயிலுக்கு வந்துட்டே?" அண்ணாச்சி பின்னாலேயே வந்துவிட்டார். தாளின் மேல் தொட்டிலை வைத்துப் பிடித்தேன். அவர் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வட்டம் லேசா மஞ்சப் பூத்திருக்கே" என்றார், சாதாரணமாக, தக்காளி வெம்பியிருக்கிறது என்பதுபோல. பிறகு தொட்டிலை வாங்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அவர் முகம் மாறியது. என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். மண்ணெண்ணெய்க்கு அடியில், மெல்லிசாக, இன்னும் போகாமல், சந்தனம். "நீங்கதான் வச்சீங்களா அண்ணாச்சி?" என்று கேட்கிறேன், சிரிப்பா அழுகையா எனக்கே தெரியவில்லை. "மத்ததெல்லாம் கறுப்பா இருந்துச்சும்மா. இது ஒண்ணுதான் வெள்ளையா, வட்டமா, நெத்தி மாதிரி இருந்துச்சு. அதான் வச்சேன்" என்றார். உள்ளேயிருந்து சீனிராஜ் அண்ணன் குற்றவாளி மாதிரி வந்து நின்றார், "நீ வந்தா சத்தம் போடுவேன்னு நாந்தான் மறுநா காலையில தொடச்சு மூடி வச்சேன் கனி. மெஷின் தொடைக்கிற துணியிலதான்." எனக்கு அவர்கள் இருவரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. வேலை செய்கிற கருவிக்கு நெற்றி இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம். நடுவாந்தரப் புத்தகத்தை விரித்து வைத்து அதில் சொன்னபடியே மெல்லிய பஞ்சுத் துணியால் வில்லையைத் துடைக்கிறேன், மணம் போகும்வரை, அது போகிறபோது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கிறது. அதே சார்ட்டை மறுபடி அளக்கிறேன், எண்கள் புரண்டு விழுகின்றன, புது ஜாதகம், புது பிளேட், சீனிராஜ் அண்ணன் மெஷினில் ஏற்றிவிட்டுக் கண்ணால் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், எனக்காக நிற்கிறார், மெஷின் அவர் கையைக் கூப்பிடுவது எனக்குத் தெரிகிறது. ஷீட் வந்து விழுவதற்கும் கேட்டில் கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கிறது. பார்க்கக்கூட நேரமில்லை எனக்கு, என் அல்வாவை எனக்கு முன்னால் பிரமநாயகம் அண்ணாச்சி எடுத்துவிட்டார். விளக்கடியில் பிடிக்கிறார். தவமணி அண்ணாச்சி கேட்டைக் காட்டுகிறார், வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது, வெயில் இல்லை, இன்றைக்கு என் விளக்குத்தான், அது மட்டும்தான். நான் பிரமநாயகம் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்க்கிறேன். மூடியின் ஓரத்தில், நெய் மினுங்குகிற இடத்தில், பெருவிரலை வைத்து ஒரு இழுப்பு இழுக்கிறார், மை காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறாரோ என்னவோ. ஷீட்டை மேஜையில் வைக்கிறார். வைத்துவிட்டு, யாரிடமோ தீபாவளிக் கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தபடி, தோள் துண்டை எடுத்து விரலில் பட்ட நெய்யைத் துடைத்துக்கொள்கிறார்.